ரேம் டிஸ்கில் தொடங்கி நிஜ டிஸ்க் வரை

பல பிராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) மாறி மாறி ஓடும் ஒரு சின்ன கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, சொந்தமாக எழுதி முடித்ததும், அடுத்தது டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்காக வைத்து எடுக்கும் ஃபைல் சிஸ்டம்தான் என்று இறங்கினேன். பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை, இரவில் ஜெலுத்தோங் வீட்டில் இது. இதே வழியில் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் டிஸ்கைத் தொடவே இல்லை. ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கி அதையே டிஸ்காக வைத்துக்கொண்டேன். கீழ் அடுக்குக்கு இரண்டே வேலை: கேட்ட எண்ணுள்ள பிளாக்கை (டிஸ்கைச் சம அளவில் பிரித்த துண்டுகளில் ஒன்றை) படித்துக் கொடுப்பது, கொடுத்ததை எழுதி வைப்பது. அதற்கு மேலே பிளாக்குகளின் பிரதிகளை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபர் கேஷ், பிறகு ஒரு ஃபைலின் அளவையும் அதன் பிளாக்குகள் எங்கே என்பதையும் குறித்து வைக்கும் ஐநோட், டைரக்டரி, பாதைப்பெயர், உச்சியில் திறந்த ஃபைலைப் பிராசஸ் குறிப்பிடும் எண்ணான ஃபைல் டிஸ்கிரிப்டர். எம்ஐடியில் பாடத்துக்காக 2006இல் எழுதப்பட்ட எக்ஸ்வி6 கெர்னலும் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. அதில் கேஷுக்கும் ஐநோடுக்கும் நடுவே லாகிங் அடுக்கு ஒன்று உண்டு; மாற்றங்களை முதலில் தனியே ஓரிடத்தில் குறித்துவிட்டுப் பிறகே உரிய இடத்தில் எழுதும். அதனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் ஃபைல் சிஸ்டம் அரைகுறையாக நிற்காது. அதை நான் பிற்பாடுதான் சேர்த்தேன்.

என்னைக் கேட்டால் பஃபர் கேஷுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு பிளாக்குக்கு நினைவகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால், ஒரு பிராசஸ் எழுதியதை இன்னொன்று அழித்துவிடும்.

அப்புறம்தான் நிஜ டிஸ்கோடு பேசும் ஏடிஏ டிரைவர் (ஏடிஏ என்பது ஹார்ட் டிஸ்கை இணைக்கும் ஒரு முறை), அதுவும் கணினியையே மென்பொருளில் போலச் செய்யும் க்யூஎமு எமுலேட்டரில். டிஸ்க் ஒரு தடவையில் கொடுக்கும் துண்டான செக்டர் 512 பைட், என் பிளாக் 1024 பைட். ஆகவே ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு செக்டர். 'தயாரா, தயாரா' என்று டிஸ்கைக் கேட்டுக்கொண்டே சுற்றும் முறையில் சீக்கிரமே படிக்க வந்துவிட்டது. ஆனால் அதுவரை மற்ற பிராசஸ்கள் எல்லாம் காத்துக் கிடக்கும். மல்டிடாஸ்கிங் என்று சொல்லிவிட்டு அப்படி விட மனம் வரவில்லை. கேட்ட பிராசஸைத் தூங்க வைத்து, 'வேலை முடிந்தது' என்று டிஸ்க் சிபியுவுக்கு அனுப்பும் குறுக்கீட்டுச் சைகையான 14ஆம் இன்டரப்ட் வந்ததும் எழுப்பும்படி மாற்றினேன்.

அதன் பிறகு எப்போதாவது ஒரு பிராசஸ் எழுந்திருக்கவே இல்லை. கூட வேலை செய்யும் தம்பி ஒருவரிடம், நடந்ததை வரிசையாகக் குறித்திருந்த பதிவைக் காட்டினேன். 'எழுப்பு' என்ற வரி மேலே, 'தூங்கு' என்ற வரி அதற்குக் கீழே. "அண்ணே, எழுப்பினப்ப யாருமே தூங்கலையே!" என்றார். அதேதான். வேலை முடிந்ததா என்று பிராசஸ் பார்க்கிறது, இல்லை. தூங்கப் போவதற்குள் இன்டரப்ட் வந்து, எழுப்ப ஆளில்லாமல் போய்விடுகிறது. பிராசஸ் அதன் பிறகு தூங்குகிறது. இனி எழுப்ப யாரும் வரப்போவதில்லை.

தீர்வு இதுதான்: பார்ப்பதும் தூங்குவதும் ஒரே லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) நடக்க வேண்டும், தூங்குவதாகக் குறித்த பிறகே லாக்கை விட வேண்டும். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் நிரலும் அதே லாக்கை எடுக்க வேண்டும். எனவே பிராசஸ் லாக்கை வைத்திருக்கும்போது அந்த சிபியுவில் இன்டரப்டை அணைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஹேண்ட்லர் அந்த லாக்குக்காகச் சுற்றிக்கொண்டே நின்றுவிடும். ஹேண்ட்லர் தூங்கவும் கூடாது. அது குறுக்கிட்டது யாரோ சம்பந்தமில்லாத பிராசஸின் நேரத்தில். அதைத் தூங்க வைக்க நமக்கு என்ன உரிமை?

சரி, ரேம் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஏடிஏ டிரைவரைக் கீழே மாட்டினேன். ஐநோடிலிருந்து மேலே ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஷெல்களில் (கட்டளை தட்டும் நிரல்) ஒரே நேரத்தில் பெரிய ஃபைல்களை நகலெடுக்கவிட்டு, மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன். இரண்டும் அப்படியே இருந்தன. அடுத்து பென் டிரைவ். யூஎஸ்பிக்கே தனியாகச் சில அடுக்குகள் வேண்டும்.