மயக்க டாக்டருக்கு முதுகுவலியில் என்ன வேலை?

அம்மாவுக்கு இடுப்பில் ஆரம்பித்து இடது கால் சுண்டுவிரல் வரை சுள்ளென்று இழுக்கும் வலி. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று எலும்பு டாக்டர் வலி சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார். வாசலில் இருந்த போர்டை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். எம்.பி.பி.எஸ்., எம்.டி. அனஸ்தீசியா, எஃப்.ஐ.பி.பி.

"இவர் மயக்க டாக்டர்டா. ஆபரேஷன் இல்லைன்னுதானே கூட்டிட்டு வந்தே?"

எனக்கும் அதே சந்தேகம்தான். டோக்கன் வரும்வரை போனில் தேடினேன். ஹவுஸ் சர்ஜனோடு சேர்த்து ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., மூன்று வருடம் எம்.டி., அதற்கு மேல் வலி சிகிச்சைக்கென்று தனிப் பயிற்சி. அந்தக் கடைசி நாலு எழுத்து, வேர்ல்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பெயின் நடத்தும் தேர்வு. ஊசி போடும் கைவேலையையும் சோதித்துத்தான் தருகிறார்கள். எல்லா வலி டாக்டரும் மயக்கவியலிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, ஆனால் நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். யோசித்தால் நியாயம்தான். சிசேரியனுக்குத் தினமும் முதுகுத்தண்டில் ஊசி போடுகிற கை அது, எந்த நரம்பு எங்கே போகிறது, திடீரென்று பி.பி. இறங்கினால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை.

இந்தத் துறைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவரான ஜான் போனிக்காவும் மயக்க டாக்டர்தான். இத்தாலியில் பிறந்து அமெரிக்கா போனவர், டாக்டர் படிப்புக்குக் காசு வேண்டுமே என்று முகமூடி போட்டு மல்யுத்தம் செய்தவர் (நம்புங்கள், நிஜம்). இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களின் தீராத வலியைப் பார்த்து இதில் இறங்கினார். உலக அளவில் வலி ஆய்வுக்கான சங்கத்தை 1973ல் தொடங்கியதும் அவர்தான். மல்யுத்தத்தில் வாங்கிய அடியால் அவருக்கே காலமெல்லாம் உடம்பு வலி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர்டில் இருக்கிற பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இதற்கு முன் போன ஒரு இடத்தில் எக்ஸ்ரே எதுவுமில்லாமல் ஓ.பி. அறையிலேயே முதுகைத் தடவிப் பார்த்துப் போட்டுவிடலாம் என்றார்கள், எழுந்து வந்துவிட்டோம். அதனால் இவரிடம் உட்கார்ந்ததுமே, சி-ஆர்ம் (ஊசி எங்கே போகிறது என்று திரையில் அப்போதைக்கப்போதே காட்டும் எக்ஸ்ரே மெஷின்) வைத்துத்தானே சார் போடுவீர்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. தியேட்டரிலிருந்த மெஷினைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்குக் கீழே தலையணை. மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, அப்புறம் நீளமான ஊசி, ஈய அங்கியோடு அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாராம். சாயம் நரம்போடு சேர்ந்து கறுப்பாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் ஸ்டீராய்டு மருந்து. பிறகு அந்தப் படத்தை எங்களுக்கும் காட்டினார்.

வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் இப்போது மாடிப்படி ஏறுகிறார். பக்கத்து வீட்டு அக்காவிடம் நேற்றுகூட, "அந்த மயக்க டாக்டர் இருக்காரே" என்றுதான் ஆரம்பித்தார்.