சென்னைக் காற்றும் டி.எல்.சி. பிளேட்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில், மூலிகை மூலப்பொருள்களின் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள், சாற்றை அழுத்தத்தோடு ஒரு குழாய்க்குள் செலுத்திப் பிரித்து கிராஃபாகக் காட்டும் எச்.பி.எல்.சி. மெஷின் பக்கம் நேராகப் போய் நிற்பார்கள். சிலிக்கா பூசிய பிளேட்டில் கரைப்பானை ஏறவிட்டு, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிக்கும் டி.எல்.சி. அவர்களுக்குக் கல்லூரி பிராக்டிகலோடு முடிந்துபோன விஷயம். நான் அவர்களை முதலில் உட்கார வைப்பது பிளேட்டுக்கு முன்னால்தான்.

மஞ்சள்தூளையே எடுத்துக்கொள்வோம். மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, சிலிக்கா பிளேட்டில் பென்சில் கோட்டின் மேல் கேபிலரி என்ற மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒரு சின்னப் பொட்டு வைக்கிறோம். பேனாவால் கோடு போடக்கூடாது, மையும் கரைப்பானோடு ஏறிவிடும். 95 பங்கு குளோரோஃபார்ம், 5 பங்கு மெத்தனால் கலவையில் ஓட்டினால் மூன்று மஞ்சள் பொட்டுகள் பிரிந்து நிற்கும். மேலே குர்குமின், நடுவில் டிமெத்தாக்சிகுர்குமின், அடியில் பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின். மூலக்கூறில் மெத்தாக்சி தொகுதி இல்லாத இடத்தில் பக்கத்து ஹைட்ராக்சில் தொகுதி தடையில்லாமல் சிலிக்காவைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் அது பின்தங்குகிறது. மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைக் கலந்திருந்தால், அது உப்புத்தன்மை கொண்டது என்பதால் கோட்டை விட்டு நகராமல் கிடக்கும். எனக்கு டி.எல்.சி. மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே இதனால்தான். எச்.பி.எல்.சி.யில் அந்தக் குழாய்க்குள் ஒட்டி நின்றுவிட்டது கிராஃபில் வராது. பிளேட்டில் நகராததும் நம் கண்முன்னே இருக்கிறது.

1938இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபெரும் இந்த முறையைத் தொடங்கியதும் மருந்துச் செடிகளின் சாற்றைச் சோதிக்கத்தான். 1950களில் எகோன் ஸ்டால் அதைச் சீர்ப்படுத்திய பிறகே எல்லா ஆய்வகங்களுக்கும் பரவியது.

சரி, சென்னைக்கு வருவோம். இங்கே பெரிய தொல்லை ஈரப்பதம். சிலிக்கா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டால் அதன் பிடி தளர்ந்து, பொட்டுகள் வழக்கத்தைவிட மேலே ஏறிவிடும். 105 டிகிரியில் அரைமணி நேரம் பிளேட்டைக் காயவைக்கிறோம், உண்மைதான். ஆனால் வெளியே எடுத்து ஸ்பாட் வைத்து முடிப்பதற்குள், அதுவும் ஐப்பசி மழைக்காலத்தில், அது மறுபடி ஈரத்தைக் குடித்துவிடுகிறது. சித்திரை வெயிலில் வேறு பிரச்சினை. கரைப்பான்கள் இரண்டும் ஒரே அளவில் ஆவியாகாமல், நேற்றுக் கலந்த கலவை இன்று வேறு கலவையாகிவிடுகிறது. அப்புறம், பிளேட்டை ஓட்டும் மூடிய சேம்பருக்குள் வடிதாளை வைத்து ஆவி நிறையும்வரை பொறுத்திருக்கப் பலருக்கும் மனம் வருவதில்லை.

அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆர்.எஃப். எண்ணோடு, அதாவது கரைப்பான் ஏறிய தூரத்தில் பொட்டு ஏறிய பங்கோடு, ஒப்பிட்டு "இது அதுதான்" என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை. அதே பிளேட்டில் பக்கத்திலேயே ஸ்டாண்டர்ட், அதாவது இன்னதென்று உறுதியாகத் தெரிந்த சுத்தப் பொருள், ஓட வேண்டும். இன்னொரு தடத்தில் சாம்பிளையும் ஸ்டாண்டர்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க வேண்டும். இரண்டும் ஒரே பொட்டாக ஏறினால்தான் மேற்கொண்டு பேசலாம். அப்போதும் வேறு கரைப்பானில் இன்னொரு முறை ஓட்டச் சொல்வேன். ரிப்போர்ட்டில் ஆர்.எஃப். எண்ணையும் எழுதுகிறோம், ஆனால் 254, 365 நானோமீட்டர் புறஊதா ஒளி இரண்டிலும் எடுத்த பிளேட் படம் இணைக்காமல் எந்த லாட்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.