சேர்ந்து வரும் பேருந்துகள்: சில நாட்குறிப்புகள்

ஜூன் 2, திங்கள்

நெடுநேரம் காத்திருந்த பிறகு வந்த பேருந்தில் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். அதை ஒட்டியே அதே தடத்தின் இன்னொரு வண்டி, பாதி இருக்கைகள் காலியாக வந்து நின்றது. "பின்னாடி காலியா வண்டி வருது, அதுல ஏறுங்க" என்று நடத்துநர் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் காதில் வாங்கவில்லை. காத்திருந்து சலித்தவர்களுக்குக் கண்முன் நிற்பதுதான் வண்டி. நான் பின்னதில் ஏறினேன். அலுவலக நேரத்தில் ஜன்னலோரம் கிடைப்பது அபூர்வம்.

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் இரண்டு சேர்ந்தே வந்தன. ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள் என்று அருகில் நின்ற பெரியவர் அலுத்துக்கொண்டார். உண்மையில் யாரும் பேசிவைக்கத் தேவையில்லை. ஒரு சிக்னலில் சிறிது தாமதப்படும் வண்டிக்காக அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலான பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் அது மேலும் பிந்துகிறது. பின்னால் வருவதற்கோ ஏற ஆளில்லாததால் அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. போக்குவரத்து ஆய்வாளர்களான கார்டன் நெவெலும் ரென்ஃப்ரி பாட்ஸும் 1964-இலேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். குறை ஆட்களிடம் இல்லை, ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

வண்டி போதவில்லை என்பதே நிறுத்தத்தில் நிற்கும் எல்லோருடைய புகாரும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 10 நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வந்து நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே வண்டிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி 10 நிமிடமாகிவிடும். மணிக்கு 6 வண்டி என்று ஏட்டில் இருக்கும் கணக்கு மட்டும் மாறாது.

பாரிஸில் 1662-இல் பிளேஸ் பாஸ்கல் முயன்று தொடங்கிய பொதுக் குதிரை வண்டிச் சேவையில், ஆளே இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பது விதி. நிகழ்தகவுக் கணிதத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவருக்குக் காத்திருப்பவரின் அவதி புரிந்திருந்ததில் வியப்பில்லை.

ஜூன் 6, வெள்ளி

மழை. ஏற முடியவில்லை. நடந்தேன்.

ஜூன் 9, திங்கள்

நின்றுகொண்டே வந்ததால் வாசலை நன்றாகக் கவனிக்க முடிந்தது. முதுகுப்பையை மார்புக்கு மாற்றாமல் வாசலருகிலேயே நின்ற ஒருவரை உரசியபடி ஒவ்வொருவராக நுழைந்தார்கள். நடுப்பகுதியில் கைப்பிடிகள் ஆளின்றி ஆடிக்கொண்டிருந்தன. அட்டையைத் தேடிய ஒரு பெண், பணப்பையின் ஒவ்வோர் அறையையும் திறந்து மூடினார். அதற்குள் சிக்னல் பச்சையாகி மீண்டும் சிவப்பானது. பேருந்து நகரும் நேரத்தைவிட நிற்கும் நேரத்தில்தான் அட்டவணை கெடுகிறது. பிரேசிலின் குரிச்சிபா நகரில் 1991-இல் அமைத்த குழாய் வடிவ நிறுத்தங்களில் கட்டணத்தை முன்பே செலுத்திவிட்டு, வண்டியின் தள உயரத்திலேயே நின்று, பல வாசல்களில் ஒரே சமயத்தில் ஏறுகிறார்கள். சாலையை அகலப்படுத்துவதைவிட இது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

ஜூன் 11, புதன்

ஏறவோ இறங்கவோ யாருமில்லாத நிறுத்தத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டார். இடைவெளியைச் சீராக்க எங்கும் கையாளும் வழி இதுதான் என்றாலும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கடிகார முள் குத்தவே செய்கிறது. ஒரு வார்த்தை அறிவித்திருக்கலாம். "ஆளே இல்ல, எதுக்கு சார் நிக்கிறீங்க?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"முன்னாடி வண்டிய ஒட்டிப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப அவர வேகமாப் போகச் சொல்லுங்க!"

பேருந்தே சிரித்தது. அந்த வேகம் மட்டும் முன்னால் போகிறவருக்குக் கிடைக்காது. வழி நெடுகக் கூட்டம் அவர் வண்டிக்காகத்தான் நிற்கிறது.