பழமலையில் ஒரு மலைக்கார ஆயா

விருத்தாசலத்தில் நின்றுகொண்டு மலையைத் தேடாதவர்கள் குறைவு. அங்கே சுவாமியின் பெயரே பழமலைநாதர். பிரம்மா மலைகளைப் படைக்கும் முன்பே சிவனே மலையாக நின்றார் என்பது தலபுராணம். அந்த மலை இப்போது கண்ணுக்குத் தெரியாது. காலுக்கடியில்தான் இருக்கிறது என்பார் என் அப்பா.

இந்த மாசி மகத்துக்குக் கடலூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் போனேன். முதலில் ஆழத்துப் பிள்ளையார். பதினெட்டுப் படி இறங்கித்தான் அவரைப் பார்க்க வேண்டும். அப்புறம் சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்த கருவறை, பெரியநாயகி அம்மன் சந்நிதி. கூட்டத்தில் எல்லாமே விறுவிறுவென்று முடிந்துவிட்டது.

வன்னி மரத்தடியில்தான் அந்த ஆயாவைப் பார்த்தேன். கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மடியில் ஒரு துணி மூட்டை, உள்ளே சாமை அரிசியும் கொஞ்சம் கடுக்காயும். கோயில் கட்டிய ஆட்களுக்கு விபசித்து முனிவர் இந்த மர இலைகளைக் கூலியாகக் கொடுக்க, அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அவை பொன்னானது என்று சொன்னேன். ஆயா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். காய்ப்பு ஏறிய கை.

"நாங்க மலையாளிங்க சாமி" என்றார். கேரளத்து மலையாளி இல்லை. கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் எல்லாவற்றிலும் இருக்கும் மலைக்குடிகளுக்கு அதுதான் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் தங்கள் சாமியான கரியராமரோடு மலையேறி வந்த கதையை நேற்று நடந்ததுபோல் சொன்னார். சாமையும் தினையும் விளைந்தால் முதலில் சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் வீட்டில் உலை வைப்பார்களாம். இப்போது ஊரில் பாதிக் காடு மரவள்ளிதான் என்றபோது குரல் இறங்கிவிட்டது. "சாமை வெதைக்காம சாமிக்கு எதைப் படைக்கிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு இருவரும் மணிமுத்தாற்றுக்கு நடந்தோம். சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்ட ஆறு. தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் அந்தக் கொஞ்சத்தில்தான் குனிந்து முழுகப் பார்த்தார்கள்.

இந்த ஆறு பிறப்பது கல்வராயன் மலையில். அதன்பின் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. இத்தனை வருடம் வருகிறேன், இந்தத் தண்ணீருக்கு மேலே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆயா குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். எனக்கும் தெளித்தார். பிறகு, வந்த விருந்தாளிக்குச் சோறு போதாமல் போனதுபோல் தயங்கிச் சொன்னார்: "மேல மழை சரியா இல்ல சாமி. அதான் ஒங்களுக்கு இவ்ளோதான் வருது."