கயிற்றை விட்ட பிறகு

போன மார்ச் வரை ராத்திரி முழுக்க என் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கிடக்கும். ஒரு நுனி தூளியில், மறுநுனி என் கையில். பாப்பா சிணுங்கினால் கண்ணைத் திறக்காமலே இழுத்து ஆட்டுவேன். பதினொன்று, ஒன்று, இரண்டரை, நாலு என்று தவறாமல் எழுந்துவிடுவாள். அப்போது அவளுக்கு 1 வயது 8 மாதம்.

தூளி என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. நான் தூங்கியதும் அதே மாதிரி ஒரு சேலையில்தான். தூளியின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, கைக்குழந்தைக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் பத்துக் கிலோ பிள்ளையை ராத்திரி நாலு தடவை ஆட்டிவிட்டு, காலையில் எட்டரை பஸ்ஸைப் பிடிக்க உடம்பு கேட்கவில்லை.

"கண்ணு பட்டிருக்கும்" என்று அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. எழுவது மட்டும் நிற்கவில்லை.

குழந்தை டாக்டர், எத்தனை தடவை எழுகிறாள் என்று கேட்கவே இல்லை. "முதல்ல எப்படித் தூங்குறா?" என்றார். ஆட்டி, பால் பாட்டிலை வாயில் வைத்து, என்றேன். அப்புறம் அவர் சொன்னது இது: நாம் எல்லாருமே ராத்திரியில் பல தடவை லேசாக விழிக்கிறோம், தலையணையைச் சரிசெய்துகொண்டு தூங்கிவிடுகிறோம், காலையில் நினைவுகூட இருக்காது. ஆட்டத்திலேயே தூங்கிய பிள்ளை விழிக்கும்போது ஆட்டம் நின்றிருக்கிறது. தூங்கும்போது இருந்தது இப்போது இல்லையே என்று கூப்பிடுகிறாள். அவளுக்குத் திரும்பத் தூங்க அந்த ஒரு வழிதான் தெரியும்.

குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்து தூங்குகிறாளா என்றும் கேட்டார். இல்லை. மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. முன்பல் இரண்டிலும் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு. ராத்திரிப் பால் வாயிலேயே தங்குவதால் வரும் பல் சொத்தையின் தொடக்கம். ராத்திரி மட்டும் மூன்று பாட்டில், ஒவ்வொன்றும் 180 மில்லி. வயிறு பாலால் நிறைந்தால் பகலில் சோறு எப்படி இறங்கும்? ரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைவாக இருந்தது, அதற்கு மருந்து எழுதிக் கொடுத்தார். இரும்புச் சத்துக் குறைவும் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்குமாம்.

ஒரு வாரம் நோட்டில் எழுதி வைத்தேன். இந்த வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். என் பிள்ளைக்கு ஒன்பதரைதான் வந்தது.

பாலை மூன்று ராத்திரிக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்தேன். கடைசியில் டம்ளரில் இரண்டு வாய் தண்ணீர். இது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

கஷ்டமாக இருந்தது அவள் அப்பா வரும் நேரம். கடையைப் பூட்டிவிட்டு வர ஒன்பதரை ஆகும். பைக் சத்தம் கேட்டால் போதும், சொக்கிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுவாள். அவருக்கும் நாள் முழுக்க பார்க்காத பிள்ளை. தூக்காதே என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் இதில் எங்களுக்குள் சண்டை. பிறகு அவரே சொன்னார், "காலைல அவளை எங்கிட்ட விட்டுரு." இப்போது ஆறரைக்கு எழுப்பி, பல் தேய்த்து, பால் வாங்கக் கூட்டிப் போவது எல்லாம் அவர்தான். ராத்திரி தெருமுனையிலேயே பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

ஏழே காலுக்குச் சோறு, குளியல், எட்டு மணிக்கு விளக்கை அணைப்பது. முதல் வாரம் தூளியிலேயே, கண் செருகும் வரை மட்டும் ஆட்டினேன். அடுத்த வாரம் சேலையை அவிழ்த்துப் பாயில் விரித்தேன். அன்றைக்கு நாற்பது நிமிடம் அழுதாள். "ஆட்டு, ஆட்டு" என்று சீலிங் கொக்கியைக் கை காட்டி அழுதாள். நான் எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே படுத்து முதுகில் தட்டிக்கொண்டே இருந்தேன். கதவுக்கு வெளியே அத்தை, "பிள்ளைய இப்படி அழவிடாத ஆத்தா" என்றார்கள், அவர்களுக்கும் குரல் உடைந்திருந்தது. அழவிட்டுத் தனியே போட என்னால் முடியாது, அப்படிச் செய்யவும் இல்லை. நான்காம் நாள் அழுகை பத்து நிமிடமானது.

நடுவில் காய்ச்சல் வந்தது, ஒரு கல்யாணத்துக்குத் திருமங்கலம் போய்வந்தோம். இரண்டு முறையும் பழையபடி ஆனது, திரும்ப ஆரம்பித்தோம்.

சித்திரை கடைசியில் ஒரு ராத்திரி, இரண்டரைக்கு அவள் புரளும் சத்தம் கேட்டு விழித்தேன். பழக்கத்தில் கை கயிற்றைத் தேடியது. அவள் உட்கார்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். சேலையின் கரையைத் தடவித் தேடிப் பிடித்து, கன்னத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். நான் மூச்சுக்கூட விடவில்லை.

இப்போதும் சில நாள் நாலு மணிக்கு எழுகிறாள். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். சேலையை மட்டும் துவைக்க விடுவதில்லை. அவள் பகலில் தூங்கும் நேரமாகப் பார்த்து, மெதுவாக உருவித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.