பன்னிரண்டரை அடி வீட்டுக்கு மரச்சாமான் எடுப்பது

மியன்மாரின் யாங்கோன் நடு ஊரில் மாடி வீடு என்றால் பெரும்பாலும் 12½ அடி அகலம், 50 அடி நீளம். வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டும்தான் வரும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அனோரதா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் நடுவில் எந்தத் தெருவில் படியேறினாலும் அநேகமாக இதே கணக்கு. போனில் பார்க்கிற அழகான வரவேற்பறைப் படங்களோ அகலமான, பல பக்கமும் ஜன்னல் உள்ள வீட்டில் எடுத்தவை. அந்தச் சோபாவை இங்கே கொண்டுவந்து போட்டால் அழகு போகட்டும், பின்கட்டுக்கு நடக்கவே வழி இருக்காது. நிறமும் டிசைனும் பிறகு. முதலில் படி, அப்புறம் வெளிச்சம், அப்புறம் மழை. இந்த மூன்றுக்கும் ஒத்துவருகிற சாமான்தான் இந்த வீட்டில் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

படியிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய கட்டடங்களில் லிப்ட் கிடையாது, படியின் அகலம் மூன்றடி இருந்தால் பெரிது. நேர்ப்படியில் ஏறிவிடும் சாமான் திருப்பத்தில் மாட்டும். எனவே கடைக்குப் போகுமுன் திருப்பத்து மேடையின் மூலைக்கு மூலை நீளத்தையும், தலைக்கு மேல் அடுத்த படியின் அடிப்பாகம் வரை உள்ள உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கூடாகச் செய்த ஆறரை அடி அலமாரி அங்கே திரும்பாது. கட்டில் என்றால் தலைப்பலகை, கால்பலகை, இரண்டு பக்கச் சட்டம், நடுத்தாங்கி எனப் பிரிந்து, போல்ட்டில் முடுக்கும்படி இருக்கவேண்டும். அலமாரியை மேலும் கீழுமாக இரண்டு பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். சந்திப்பில் ஒரு பட்டைச் சட்டம் ஓடவிட்டால் ஒட்டு தெரியாது. முன்பக்கமாகக் கயிறு கட்டித் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பால்கனி கிரில்லை ஒருமுறை பாருங்கள். போல்ட் போட்டதென்றால் கழற்றலாம். வெல்டிங் என்றால் அந்த வழி அடைத்தாயிற்று.

படுக்கையறையில் கணக்குத் தப்புவது அலமாரிக் கதவில். ஓரமாக மூன்றடி நடை விட்டு அறை தடுத்தால் சுவர் கனம் போக சுமார் எட்டரை அடி, அதாவது 102 அங்குலம் கிடைக்கும். ஐந்தடிக் கட்டில் 60 அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். மீதி 42. அலமாரியின் ஆழம் 22 என்றால் நடுவில் மிஞ்சுவது 20. பதினெட்டு அங்குலக் கதவு அதில் திறக்கும், ஆனால் திறப்பவர் நிற்க இடமில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்துதான் சேலை எடுக்கவேண்டும். இழுவைக் கதவு போடுங்கள், அல்லது கட்டிலை நாலரை அடியாகக் குறையுங்கள். முன்னறைச் சோபாவின் ஆழம் 30 அங்குலத்தைத் தாண்டவேண்டாம். கடையில் நிற்கும் 38 அங்குலச் சோபா உட்கார சுகம்தான், இந்த அகலத்துக்கு அது ஆகாது.

வெளிச்சம். முன்னறையைத் தாண்டியதும் நடுவில் இருபது அடிக்குப் பகலிலும் மங்கல். தடுப்பைக் கூரை வரை பலகையால் அடைத்தால் அந்த மங்கல் இருட்டாகிவிடும். ஆறடிக்கு மேல் கண்ணாடியோ மரச்சட்ட இடைவெளியோ விடுங்கள், காற்றும் போகும். சுவர் வெள்ளை அல்லது லேசான சந்தன நிறம். மரத்துக்கு ‘வால்நட்’, ‘வெஞ்சே’ என்று கறுப்புச் சாயம் ஏற்றுவது இப்போது நாகரிகம். இந்த நீள வீட்டில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தேக்கின் இயல்பான பொன்பழுப்பே வெளிச்சத்தில் நாளாக ஆக ஆழமாகும். அதன்மேல் சாயம் பூசுவது காசைக் கொடுத்து அழகை மறைப்பது.

இனி மரம். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண்கள் பெரும்பாலும் இங்கிருந்து கப்பலேறியவை என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2014 ஏப்ரல் 1 முதல் தேக்கை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. அதற்காக உள்ளூர்க் கடையில் தேக்கு என்று சொல்வதெல்லாம் நல்ல தேக்கு ஆகிவிடாது. தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டிய மரத்தில் வைரம் என்கிற உள்கட்டை குறைவு, வெளிறிய வெள்ளைப் பாகம் அதிகம். வெள்ளையைப் பூச்சி தின்னும். தேக்குக்குப் பேர் வாங்கிக் கொடுத்த எண்ணெய்ப்பசை வைரத்தில்தான் இருக்கிறது. பாலிஷ் போட்ட மேஜையில் இதை மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். பாலிஷ் படாத இடத்தில் வெளிறிய பட்டை ஓடினால் அது வெள்ளை. அங்கேயே உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்து முகர்ந்தால் தேக்கில் பழைய தோல் வாசனை வரும், தூள் விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். பலகையின் தலைப்பக்கத்தையும் பாருங்கள். மேலே ஓடும் ரேகை விளிம்பில் மடங்கித் தலைப்பிலும் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் மெல்லிய கோடு தெரிந்து, தலைப்பில் வேறு மரம் தெரிந்தால் மேலே ஒட்டியது வெனீர்.

புதிதாக இழைத்த தேக்கு பச்சையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம், வெளிச்சம் பட்டதும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். படோக் என்ற மரம் சிவப்பாக, கனமாக இருக்கும். ஒற்றை நாற்காலி, பூஜைப் பலகை போன்றவற்றுக்கு அபாரம். ஆனால் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் சிவப்பு போய் வெறும் பழுப்பாகிவிடும். பிங்காடோ ரயில் ஸ்லீப்பருக்கும் வீட்டுத் தூணுக்கும் ஆன மரம். ஆறாவது மாடிக்கு அதில் கட்டில் செய்தால் தூக்குகிறவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

என் கணக்கில் கொடுத்த காசுக்கு மிக நல்லது, இடித்த பழைய வீட்டுத் தேக்கு. பல வருஷம் காய்ந்து அசைவு அடங்கிய மரம் அது. உள்ளே உடைந்த ஆணி இருக்கும்; துளையைச் சுற்றி ஊதாக்கறுப்புக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறதென்று அர்த்தம். ஆசாரியிடம் முன்னாலேயே காட்டிவிடுங்கள், இழைப்புளியின் அலகு போனால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

மழை மரத்தை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெடிப்பு, கோணல், இழுபடாத டிராயர் எல்லாவற்றுக்கும் காரணம் இங்கேதான். ஜூலை, ஆகஸ்டில் காற்று ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வறண்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் பலகையின் ஈரம் ஐந்தாறு சதவீதம் ஏறி இறங்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும். அப்படியும் 36 அங்குல அகல மேஜைப் பலகை கால் அங்குலத்துக்கும் மேலாக விரிந்து சுருங்கும். அகலத்தில் மட்டும், நீளத்தில் அசைவு இல்லையென்றே சொல்லலாம். அந்தப் பலகையை நாலு பக்கமும் சட்டத்தோடு பசை போட்டு ஆணி அடித்துவிட்டால் அது எங்கே போகும்? வெயில் காலத்தில் நடுவில் வெடிக்கும். எனவே மேஜைப் பலகையை அடியிலிருந்து மரக் கொக்கியாலோ, நீள்துளையில் போட்ட ஸ்க்ரூவாலோ பிடிக்கச் சொல்லுங்கள். அலமாரிக் கதவின் நடுப்பலகை சட்டத்துக் காடியில் பசையில்லாமல் சும்மா உட்காரவேண்டும். பாலிஷை அதற்குப் பூட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பிறகு போட்டால் மார்ச்சில் பலகை சுருங்கி, ஓரத்தில் பாலிஷ் படாத வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். வெயில் காலத்தில் செய்யும் டிராயருக்கு மேலே 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அப்போது தளர்வாகத் தெரியும், மழையில் சரியாகிவிடும்.

மரம் காய்ந்திருக்கிறதா என்பதற்கு ஈரமானி இருந்தால் 12 முதல் 14 சதவீதம் காட்டவேண்டும். ஈரமானி இல்லையென்றால் அதே பலகையில் ஒரு துண்டு வாங்கிவந்து சமையல் தராசில் நிறுத்து எழுதி, மின்விசிறி ஓடும் அறையில் வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மரம் இன்னும் பச்சை.

எவ்வளவு மரம் பிடிக்கும் என்பதை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் பேரம் எளிது. ஐந்தடிக்கு இரண்டரை அடி சாப்பாட்டு மேஜை, ஒரு அங்குலப் பலகை என்றால் மேல்பலகைக்கு 1.04 கன அடி. இரண்டரை அங்குலச் சதுரத்தில் 29 அங்குல உயரக் கால் நாலுக்கு 0.42. சுற்றுச்சட்டம் நாலங்குல அகலத்தில் 12 அடி ஓட்டம், அது 0.33. மொத்தம் 1.8 கன அடி. கழிவுக்கு முப்பது சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 2.3. இதே மேஜைக்கு நாலு கன அடி என்று யாராவது சொன்னால் மீதி எங்கே போகிறது என்று கேளுங்கள். காலும் சட்டமும் சேருமிடத்தில் துளை போட்டுக் கழுந்து இறக்கிய மூட்டா, வெறும் ஸ்க்ரூவா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பசை போடுமுன் மூட்டை அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். தேக்கின் எண்ணெய்ப்பசை மேலே வந்து நின்றால் எந்தப் பசையும் பிடிக்காது. துடைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாலும் எண்ணெய் திரும்ப வந்துவிடும். உடனே ஒட்டவேண்டும்.

பாலிஷில் மூன்று தினுசு போதும். அரக்குப் பாலிஷ் அழகு, ஆனால் சூடான பாத்திரம் வைத்தாலும் தண்ணீர் நின்றாலும் வெள்ளை வட்டம் விழும். கண்ணாடி அலமாரிக்குச் சரி, சாப்பாட்டு மேஜைக்குக் கூடாது. பட்டறையில் தெளிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் சீக்கிரம் காயும். மழை நாளில் தெளித்தால் காற்றின் ஈரம் படிந்து பால் ஊற்றியதுபோல் மூடாக்காகும். எனவே மழைக் காலத்தில் ஆர்டர் கொடுத்தால் ‘காய்ந்த நாள் வரும் வரை தெளிக்கவேண்டாம்’ என்று சொல்லுங்கள். புழங்குகிற மேஜைக்குப் பாலியூரித்தேன் மேட். 120, 180, 240 என்று உப்புத்தாள் ஏற்றி, தின்னரால் துடைத்து, மெல்லியதாக மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் 320-இல் லேசாகத் தேய்க்கவேண்டும். தேக்கில் சில நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லையென்றால் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள்: மழையில் அதன்மேல் பூஞ்சை பிடிக்கும், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

சுவரோடு எதையும் ஒட்டி வைக்காதீர்கள், மூன்று அங்குலம் விடுங்கள். அலமாரியின் முதுகில் பூஞ்சை பிடிப்பது இந்த இடைவெளி இல்லாததால்தான். பார்ட்டிகிள் போர்டு சாமான் விலை குறைவு. அடிக்கட்டை ஒருமுறை ஈரம் குடித்து ஊதினால் திரும்பாது.

முன்னறைக்கு, கனமான குஷன் சோபாவைவிடப் பிரம்பு முடைந்த தேக்குச் சாய்வு நாற்காலி இரண்டு நல்லது. கண்ணுக்கும் காற்றுக்கும் மறைப்பில்லை, மின்சாரம் போன இரவில் முதுகு வேர்க்காது. பிரம்பு தொய்ந்தால் மாற்ற ஓடவேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஈரத்துணியை அரைமணி நேரம் போட்டு, பிறகு இரண்டு நாள் யாரும் உட்காராமல் நிழலில் காயவிடுங்கள், இழுத்து விறைத்துக்கொள்ளும். அதனால்தான் பிரம்பின் அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் கூடாது. அடித்தால் தண்ணீர் உள்ளே போகாது. நாற்காலியின் கீழே மாவு போன்ற தூள் விழுந்தால் வண்டு துளைக்கிறது. அந்த நாற்காலியை அன்றைக்கே மற்றதிலிருந்து பிரித்துவிடுங்கள்.

நம் வீடுகளில் சாமி அலமாரியும் இருக்கும், பலர் வீட்டில் பக்கத்திலேயே புத்தர் மேடையும் இருக்கும். புத்தர் மேடை தலைக்கு மேல் உயரத்தில், முன்னறையில், யாரும் கால் நீட்டாத திசையில் இருக்கவேண்டும் என்பதால் சோபாவின் இடத்தை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய முடியும். விளக்கு வைக்கும் தட்டுக்கும் மேல்பலகைக்கும் நடுவில் ஒன்றரை அடியாவது விடுங்கள். விளக்கின் கீழே பித்தளைத் தட்டோ கல் ஓடோ வையுங்கள், எண்ணெய் ஊறிய மரத்தில் பாலிஷ் மறுபடி நிற்காது.

வீட்டிலேயே அழகில்லாத சாமான் இன்வெர்ட்டரும் பேட்டரியும். அதை உட்காரும் பெஞ்சுக்குள் மூடி வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். மூடிய பெட்டிக்குள் அது ஆபத்து, ஆசிட் ஆவி கீலையும் துருப்பிடிக்க வைக்கும். முன்னும் பின்னும் சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட பெட்டி செய்து, மேல்பாகத்திலும் காற்று போக வழி வைத்து, அடியில் பிளாஸ்டிக் தட்டு போடுங்கள்.

அலங்காரத்துக்குப் பாகான் அரக்குச் சாமான் ஒன்றிரண்டு போதும். கறுப்பும் சிவப்பும் மஞ்சள் விளக்கின் பக்கத்தில்தான் எடுப்பாகத் தெரியும். நல்ல கிண்ணம் மூங்கில் பின்னலில் குதிரை முடி சேர்த்து முடைந்தது. விளிம்பை இரண்டு விரலால் மெல்ல அமுக்கினால் வளைந்து பழையபடி நிற்கும். கடைக்காரரைக் கேட்டுவிட்டு அமுக்குங்கள், எல்லாச் சாமானும் அப்படிச் செய்ததில்லை. அந்த அரக்கு பாலிஷ் அரக்கல்ல, மரத்திலிருந்து வடியும் பால்; அது ஈரக்காற்றில்தான் இறுகும், அதனால் நிலவறையில் வைத்துத்தான் காய வைக்கிறார்கள். மழை அதற்குப் பகையில்லை. நேர் வெயிலும் ஏசியின் வறட்சியும்தான் பகை. ஈரத்துணியால் துடைக்கலாம், தண்ணீரில் ஊறவிடக்கூடாது. குஷன் உறைக்குக் கட்டம் போட்ட லுங்கித் துணி மலிவு, அழகு. தைக்குமுன் ஒருமுறை நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே உறை சுருங்கிவிடும். சலவைக் கல் மேஜைக்கு ஆசைப்படுகிறவர்கள் அதைச் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவரவேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் பளபளப்பு அரித்துப்போகும், மஞ்சள் ஊறினால் போகாது. பால்கனிப் பக்கம் பூந்தொட்டி வைக்க அது சரி.