மெக்கென்சி ரிவர் ட்ரெயில், மூணாவது தடவை: கால் ஊனுனது 14

போன வருஷம் ரெண்டு தடவை போய் ரெண்டு தடவையும் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிட்டுத்தான் வந்தேன், அதுக்கப்புறம் இந்த சனிக்கிழமைதான் திரும்ப அந்தப் பக்கம் தலை காட்டுனேன். ஓரிகன்ல வில்லாமெட் நேஷனல் ஃபாரஸ்ட்டுக்குள்ள ஆத்தை ஒட்டியே போற ஒத்தையடிப் பாதை, கிட்டத்தட்ட 42 கிலோமீட்டர். மொத்தத்துல இறக்கம்தான்னு யாரோ சொன்னதைக் கேட்டு முதல் தடவை மாட்டுனவன் நான்.

வம்பெல்லாம் மேல் பாதிலதான். சுமார் 3000 வருஷம் முன்னாடி எரிமலைக் குழம்பு வந்து ஆத்தை அடைச்சதுல உண்டானதுதான் க்ளியர் லேக், அப்ப முங்குன மரங்க இன்னும் தண்ணிக்குள்ள நட்டுக்கிட்டு நிக்குது, கரைல இருந்தே தெரியும். பாக்க அவ்ளோ அழகு. அதே குழம்பு ஆறுன கல்லு மேல ஓட்டுறது தேங்காத் துருவி மேல ஓட்டுற மாதிரி. மேற்குக் கரைல சைக்கிள் விட மாட்டாங்க, நமக்குக் கிழக்குக் கரைதான், அங்கயும் அந்தக் கல்லுதான்.

நான் வெச்சிருக்கற கணக்கு ஒண்ணே ஒண்ணு, ஏரில இருந்து பாதைல கீழ வர்ற நீலக்குளம் வரைக்கும், ஓட்டிட்டுப் போறப்ப எத்தனை தடவை காலைத் தரைல ஊனுறேன்னு. முதல் தடவை 60 தாண்டுனதும் எண்ணுறதையே விட்டுட்டேன். ரெண்டாவது தடவை 37, கூடவே ரெண்டு பஞ்சர், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ரெண்டு ஓட்டை. இப்ப 14!

ட்யூப்லெஸ் மாத்துனேன், காத்தை 30 பிஎஸ்ஐல இருந்து 23க்கு இறக்குனேன், கல்லு மேல டயர் துள்ளாம படிஞ்சு போகுது. ஆனா பெரிய வித்தியாசம் பெடல்லதான். முழுச் சுத்து சுத்துனா கீழ வர்ற பெடல் கல்லுல இடிச்சு ஆளைத் தூக்கிப் போட்டுடும், அதனால அரைச் சுத்து மிதிச்சு, பின்னால எடுத்து, திரும்ப அரைச் சுத்து. வீட்டுக்குப் பக்கத்துல பார்க்கிங் லாட்ல ரெண்டு மாசம் இதையே பழகுனேன், பாத்தவங்க செயின் ரிப்பேர்னு நெனச்சிருப்பாங்க. அப்புறம் வேகம். பயந்து மெதுவாப் போனாத்தான் முன் சக்கரம் குழில சிக்குது, கொஞ்சம் வேகம் இருந்தா அதுவே உருண்டு ஏறிடுது, இதை மூளை ஒத்துக்க ஒரு வருஷம் ஆச்சு.

சஹாலி, கூசா ரெண்டு அருவிலயும் நின்னு ஆளுக்கொரு வாழைப்பழம். கார்மென் நீர்த்தேக்கம் தாண்டுனா ஆத்தையே காணோம், படுகை காஞ்சு கெடக்கு, தண்ணி கல்லுக்கடியில போய் நீலக்குளத்துலதான் வெளிய வருது. அந்தக் குளத்துக்கு முன்னாடி வர்ற கல்லுதான் இருக்கறதுலயே மோசம். என்னோட 14ல 9 அங்கதான், அதுலயும் 4 ஒரே படிக்கல்லுல, திரும்பத் திரும்பப் போய் முட்டுனேன், கூட வந்தவன் "விடுடா, இருட்டிரும்"னு கத்துனான். குளத்துக்கிட்ட நடந்து வர்ற கூட்டம் ஜாஸ்தி, அங்க எறங்கித் தள்ளிட்டே போயிட்டோம், அது கணக்குல வராது.

அதுக்குக் கீழ பெரிய பெரிய டக்ளஸ் ஃபர் மரத்துக்கு நடுவுல மெத்து மெத்துன்னு மண்ணு, எழுத ஒண்ணுமில்ல, சும்மா பறந்துட்டு வந்தோம்.

மழை பிடிக்கறதுக்குள்ள இன்னொரு தடவை போகணும், அந்தப் படிக்கல்லுக்காகவே. அதுக்கு முன்னாடி பின் ப்ரேக் பேடை மாத்தணும், இரும்பு தெரியுது.